ஒன்பது டேப், ஏழு சூப்

பகல் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு என் கணவன் வெண்டல் தன் கைப்பேசியைச் சமையலறை மேசைமேல் வைத்தான்.

பன்னிரண்டுக்கு டி.வி.யில் எங்கள் டீமின் ஆட்டம், அமெரிக்கன் ஃபுட்பால். அதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவன் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். கைப்பேசி அவனோடு போகக் கூடாது. வண்டியில் ரேடியோ போடக் கூடாது. செப்டம்பரில் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பதினாறு ஆட்டங்கள் அப்படியே போயின. இது பதினேழாவது. ஜெயித்தால் அடுத்த சுற்று. இல்லையென்றால் சீசன் முடிந்தது.

காதை மூடும் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"மூணரைக்கு வந்துடறேன்."

"மெதுவா வா. அவசரம் ஒண்ணும் இல்ல."

"எனக்கு இல்ல," என்றான்.

அவன் வண்டி ஏரிச் சாலையில் திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். பிறகு டி.வி.யைப் போட்டேன்.

போன ஜனவரியில் இதே அறையில் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். தோற்றால் வெளியே என்ற ஆட்டம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். மூன்று விநாடி மிச்சம். நம் ஆள் நாற்பத்தொரு கெஜத்திலிருந்து உதைத்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஜெயித்திருப்போம். பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. நான் டி.வி.க்கு முன்னால் நின்று தலையில் கை வைத்தேன். பின்னாலிருந்த கேமராவில் ஒருமுறை காட்டினார்கள். பக்கவாட்டிலிருந்து இன்னொரு முறை. காற்று தள்ளியதா, கால் சறுக்கியதா என்று பார்த்தேன். கால்தான். ஊன்றிய கால் சறுக்கியிருந்தது. அதைச் சொல்ல வெண்டல் பக்கம் திரும்பினேன். அவன் நாற்காலிக்குக் கீழே கிடந்தான்.

உதை தவறியது 6:52. ஆம்புலன்ஸுக்கு நான் அழைத்தது 6:55. இரண்டும் பதிவில் இருக்கின்றன. மருத்துவமனையில் கேட்டபோது, விழுந்ததும் அழைத்ததாகச் சொன்னேன். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி வெண்டல் என்னிடம் கேட்டதில்லை.

மார்பைத் திறந்து மூன்று இடங்களில் மாற்று ரத்தக்குழாய் வைத்தார்கள். ஆகஸ்டில் டாக்டர் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தார். நடக்கலாம், மாடி ஏறலாம், மீன் பிடிக்கலாம். ஆட்டத்தை நேரலையில் பார்ப்பது மட்டும் வேண்டாம் என்றார். ஆட்டம் ஒன்றும் செய்யாது, முடிவு தெரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்வதுதான் ஆகாது. அந்த டாக்டரம்மாவும் எங்கள் டீம்தான். தானே மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்வதாகச் சொன்னார். நர்ஸ் எனக்கு நாடி எண்ணக் கற்றுத் தந்தாள். பதினைந்து விநாடி எண்ண வேண்டும். முப்பதைத் தாண்டினால் எதையும் யோசிக்காமல் ஆம்புலன்ஸ்.

மற்ற ஏற்பாடெல்லாம் நான் செய்தது. ஆட்டத்தை நான் பார்ப்பேன், பதிவும் செய்வேன். அவன் திரும்பி வந்ததும் மேசையில் உட்கார வைத்து நாடி பார்ப்பேன். ஜெயித்திருந்தால், "டேப் இருக்கு," என்பேன். டி.வி.யைப் பதிவு செய்யும் பெட்டிக்குள் டேப் எதுவும் கிடையாது. பழைய வார்த்தை போகவில்லை. அவன் ஒரு சாஸேஜ் சாப்பிட்டுக்கொண்டு, முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்ப்பான். தோற்றிருந்தால், அவன் வருவதற்குள் பதிவை அழித்துவிட்டு, "சூப் சூடா இருக்கு," என்பேன். பட்டாணி சூப். அந்த ஆட்டத்தைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. திங்கட்கிழமைப் பேப்பரில் விளையாட்டுப் பக்கம் இருக்காது.

இதுவரை ஒன்பது டேப், ஏழு சூப்.

ஊரையும் ஏற்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. எதிர்வீட்டு லாய்டு வாசலில் டீம் கொடி கட்டியிருப்பார். தோற்ற அன்று இறக்கிவிடுவார். நாற்பது வருட வழக்கம். நான் நாடி பார்ப்பதற்கு முன்பே, வெண்டல் தெருவில் திரும்பும்போதே அது கண்ணில் படும். அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். லாய்டுக்கு எழுபத்தாறு வயது, காது மந்தம். மூன்று முறை கத்திச் சொன்னேன்.

"தோத்தாலும் கொடி பறக்கணுமா?"

"ஆமா."

"இது பொய் சொல்ற மாதிரி இருக்கே, மார்லிஸ்."

ஒரு சீசனுக்கு மட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் தோற்ற ஞாயிறுகளில் வாசற்பக்கம் வராமல் பின்கதவு வழியாகவே போய்வந்தார்.

கஷ்டம் திங்கட்கிழமைகளில்தான். காலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, எட்டரைக்கு நார்மாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். வெண்டலும் என் தம்பி ரஸ்ஸும் லாய்டும் ஜன்னலோர மேசையில் இருப்பார்கள். ஊரில் அந்த சீசன் முழுக்க ஒரே விவாதம்தான். பந்தை எறிகிற இடத்தில் வீலன் என்ற பையன் ஆடுகிறான், இருபத்து மூன்று வயது. முப்பத்தாறு வயது பாஸ்டியன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வீலனைத் தூக்கிவிட்டுப் பாஸ்டியனைப் போட வேண்டுமா, வேண்டாமா? மளிகைக் கடையில் கேட்டார்கள். சர்ச் வாசலில் கேட்டார்கள். ரஸ்ஸுக்கு வீலன் பெயரைக் கேட்டாலே கழுத்து சிவக்கும்.

வீலனுக்காக ஊரில் வாதாடிய ஒரே ஆள் வெண்டல். அவன் பார்த்ததெல்லாம் ஜெயித்த ஆட்டங்கள். அவற்றில் வீலன் அழகாகத்தான் ஆடினான். மற்ற ஆட்டங்களில் அவன் என்ன செய்தான் என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல முடியாது.

"கடைசி ரெண்டு நிமிஷத்துல அந்தப் பையன் கை நடுங்கி நீ பாத்திருக்கியாடா?" என்று ரஸ்ஸைக் கேட்டான் ஒருநாள்.

ரஸ் காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் காபியில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

"சொல்லேன். ஒரு தடவ?"

"இல்ல, வெண்டல்," என்றான் ரஸ். "பாத்ததில்ல."

நார்மா தட்டை எடுக்க வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள்.

நவம்பரில் ரஸ் வாய்தவறி உளறிவிட்டான். மான் வேட்டை சீசன். தூக்கமில்லாமல் காட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்திருந்தான். வெண்டல் வழக்கம்போல வீலனின் நிதானத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

"நிதானமா? அந்த மழை ஆட்டத்துல எதிராளி கையில பந்தைக் கொண்டுபோய்க் குடுத்தானே, அந்த நிதானமா?"

"எந்த மழை ஆட்டம்?" என்றான் வெண்டல்.

மழை ஆட்டம் சூப். வெண்டல் முட்கரண்டியைக் கீழே வைத்தான். மேசைக்கு அடியில் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். இருபத்திரண்டு. கையை உருவிக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் கேட்டான்.

"ஒரு தோல்விய எனக்குக் காட்டக் கூடாதா?"

அழித்துவிட்டேன் என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஜெயிப்ப மட்டும் பாத்தா அது ஆட்டமே இல்ல, மார்லிஸ். ஏற்கெனவே பிரிச்சுப் பாத்த பொட்டலம்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

டிசம்பர் முதல் வாரம் ஏரி உறைந்தது. அதுவரை ஆட்ட நேரத்தில் பழைய ரயில் பாதையில் நாயோடு நடந்துகொண்டிருந்தான். இனி ஏரிப் பனிமேல் சின்ன மரக்குடிசை வைத்து, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னான். எனக்குப் பயம். அங்கே தனியாக விழுந்தால் யார் பார்ப்பார்கள்? ரஸ் தன் வண்டியில் கட்டிக் குடிசையை ஏரிமேல் இழுத்துப் போனான். எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் கூடப் போய்க் காட்டினேன். லாய்டின் குடிசைக்குப் பக்கத்தில், முப்பது அடியில். வெண்டலை அடிக்கடி எட்டிப் பார்க்கும்படியும், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றும் லாய்டிடம் கத்திச் சொன்னேன். அவர் மார்பில் கை வைத்து சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு நான்கு ஆட்டங்கள். இரண்டு டேப், இரண்டு சூப். வெண்டல் ஒவ்வொரு முறையும் கன்னம் சிவந்து, சில நாள் இரண்டு மீனோடு திரும்பினான். மேசையில் உட்கார்ந்து கையை நீட்டினான். பதினெட்டு, பத்தொன்பது. அதற்கு மேல் போனதில்லை. நார்மாவின் கடையில் மட்டும் அவன் வீலனுக்காகப் பேசுவது குறைந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு சுத்தமாக நின்றது. ரஸ் சீண்டிப் பார்த்தான். வெண்டல் முட்டையைப் பார்த்துச் சாப்பிட்டான். ரஸ் உளறியது அவனைச் சுட்டுவிட்டது என்று நினைத்தேன். ரஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன்.

இந்தப் பதினேழாவது ஆட்டத்தில், பாதி நேரத்தில் பதினேழுக்கு ஏழு என்று முன்னால் இருந்தோம். நான் அடுப்பில் சாஸேஜை எடுத்து வைத்தேன். மூன்றாம் பகுதியில் அவர்கள் பத்துப் புள்ளி எடுத்தார்கள். சாஸேஜைத் திருப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பட்டாணியை ஏற்றினேன். பிறகு அடுப்பை அணைத்தேன். இருபதுக்கு இருபது. கடைசி நிமிடத்தில் வீலன் இடதுபக்கம் ஓடினான். அந்தப் பக்கம் ஓடினால் அவனுக்கு எறிய வராது என்பது ஊருக்கே தெரியும். எறிந்தான். எதிராளி பிடித்துக்கொண்டான். ரஸ்ஸிடமிருந்து கைப்பேசியில் ஒற்றை வார்த்தை வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

அவர்களும் புள்ளி எடுக்கவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. பத்து நிமிடம். அதிலும் சமனானால் கணக்குப்படி நாங்கள் வெளியே.

மணி மூன்று எட்டு. வெண்டல் மூன்றரைக்கு வருவான். நடுவில் விளம்பரம், நடுவர்கள் கூடிப் பேசுவது எல்லாம் சேர்ந்தால் பத்து நிமிடம் அரை மணிக்கு நீளும். அவன் உள்ளே வரும்போது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். டி.வி.யை அணைக்கலாம், முகத்தை என்ன செய்வது? எனக்குச் சொல்ல டேப்பும் இல்லை, சூப்பும் இல்லை. அவன் கைப்பேசி என் முன்னால் மேசைமேல் கிடந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவனை ஏரியிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். தூண்டிலைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, எதைப் பற்றியாவது பேசிக்கொண்டு. முடிவு எனக்குத் தெரியும்வரை. காரில் ரேடியோவைப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தடை இல்லை.

தெருவில் ஒரு ஆள் இல்லை. பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு வண்டி கதவு திறந்தபடி நின்றது. உள்ளே ஒருவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். ரேடியோவில் எதிர் டீமுக்குப் பந்து கிடைத்தது, முன்னேற முடியாமல் எங்களிடம் உதைத்து அனுப்பினார்கள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி மிச்சம். வீலன் எறிந்தான், பன்னிரண்டு கெஜம். திரும்ப எறிந்தான், ஒன்பது. இந்த முறை வலதுபக்கம். நான் வேகத்தைப் பார்க்கவில்லை. சரிவில் இறங்கிப் பனிமேல் ஏறியபோது கார் பக்கவாட்டில் வழுக்கி நேரானது.

ஏரிமேல் நாற்பது குடிசைகள் இருக்கும். வெளியே யாரும் இல்லை. புகைக்குழாய்களில் மட்டும் புகை. வெண்டலின் குடிசைக்குப் பின்னால் நிறுத்தினேன். இயந்திரத்தை ஓடவிட்டு ரேடியோவை அணைத்தேன்.

குரல் நிற்கவில்லை.

அதே வர்ணனையாளர், அதே வாக்கியம், பனிமேல் தெளிவாக வந்தது. முப்பது அடியில் லாய்டின் குடிசை. பலகை அதிரும் சத்தத்தில் ரேடியோ. லாய்டு சத்தியத்தை மீறவில்லை. அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டார். காது மந்தமான மனிதர் ரேடியோவை எப்படி வைப்பார் என்று நான்தான் யோசிக்கவில்லை.

கதவைத் திறந்தேன். வெண்டல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தூண்டில் சுருட்டியபடி மூலையில் சாய்ந்திருந்தது. பனியில் வெட்டிய துளைமேல் மெல்லிய பனி ஏடு கட்டியிருந்தது. இன்று அதில் அவன் நூலே இறக்கவில்லை.

"கதவ சாத்து," என்றான். "குளிர் வருது."

சாத்தினேன்.

"எத்தன நாளா?"

"ஏரி உறைஞ்சதுலேர்ந்து."

"நாலு ஆட்டமுமா?"

"நாலும்."

நான்கு முறை மேசையில் எதிரே உட்கார்ந்து, டேப் இருக்கு, சூப் இருக்கு என்று நான் சொல்வதைக் கேட்டிருக்கிறான். வரும் வழியில் பாலத்தருகே வண்டியை நிறுத்தி, நாடி இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் வீட்டுக்கு வருவானாம். அவனே சொன்னான்.

"நீ லாய்டு பக்கத்துல இழுத்து வெச்சப்பவே நெனச்சேன். தெரிஞ்சேதான் வெக்கிறாளோன்னு."

"கெளம்பு, வெண்டல். வண்டி ஓடிக்கிட்டிருக்கு."

"வண்டியில போனா மட்டும் முடிவு மாறிடுமா?"

"கெளம்புன்னு சொல்றேன்."

"வீலனப் பத்தி நீங்கல்லாம் சொன்னது சரிதான்," என்றான். "உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பீங்க."

"யாரும் சிரிக்கல."

பக்கத்துக் குடிசையில் வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தினார். நான்கு விநாடி மிச்சம். நாற்பத்தெட்டு கெஜம். உதைக்க ஆள் உள்ளே வருகிறான். போன ஜனவரியில் உதைத்த அதே ஆள். காற்று இடமிருந்து வலம்.

வெண்டலின் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. அவன் கையை இழுத்துத் தூக்கப் பார்த்தேன். அவன் எழவில்லை. எழுப்பிப் பனியில் நடத்துவதா, உட்கார வைப்பதா, இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் அதைச் சொல்லித் தரவில்லை.

எதிர் டீம் ஆட்டத்தை நிறுத்தக் கேட்டது. உதைப்பவனைக் குளிரில் நிற்க வைத்து நடுங்க விடுவதற்கு. எல்லோரும் செய்வது. நாற்பது குடிசைகளிலும் ஒரு சத்தம் இல்லை. எங்கோ ஒரு நாய் ஒருமுறை குரைத்தது.

வெண்டல் கையுறையைக் கழற்றினான். சட்டைக் கையை மேலே ஏற்றிக் கையை என்னிடம் நீட்டினான், மேசையில் நீட்டுவதைப் போல.

"இந்தா. பாத்துக்கோ. தாண்டிச்சுன்னா நானே எந்திரிச்சு வரேன்."

மீன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவனெதிரே உட்கார்ந்தேன். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தேன். தோல் ஈரமாக இருந்தது. மறு கையில் கடிகாரத்தைப் பார்த்தேன். விநாடி முள் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து எண்ணத் தொடங்கினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று.

இரண்டு அணிகளும் வரிசையில் நிற்பதாக வர்ணனையாளர் சொன்னார். எட்டு, ஒன்பது. உதைப்பவன் மூன்று அடி பின்னால் போனான். இரண்டு அடி பக்கவாட்டில். பதினான்கு, பதினைந்து. ஊன்றும் இடத்தைக் காலால் தட்டிப் பார்க்கிறான், போன வருடம் அவன் சறுக்கியது நினைவிருக்கும் என்றார். பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. கொடிக்கம்பத்தில் துணி நின்றுவிட்டது, காற்று விழுந்துவிட்டது என்றார். தலையசைத்தான் என்றார். பந்து பின்னால் வருகிறது என்றார்.

பதினைந்து விநாடி முடிந்து முள் நான்கைத் தாண்டியிருந்தது. என் வாயில் எண் இல்லை.

நிமிர்ந்தேன். வெண்டல் ரேடியோ வரும் பக்கம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"மார்லிஸ்," என்றான். "எண்ணுறியா, கேக்கறியா?"